பத்துக்குப் பதினோரு அடி அறையில் ஒரு பாட்டு: பயிற்சி இல்லாத குரலின் வீட்டுப் பதிவு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். வயது 46. முறையாகப் பாட்டு படித்ததில்லை. அலுவலக ஆண்டு விழாவில் ஒரு பாட்டு, உறவுக்காரர் கல்யாணத்தில் ஒரு பாட்டு, அவ்வளவுதான் மேடை அனுபவம். அவருடைய அப்பாவுக்கு ஏப்ரல் கடைசியில் எண்பது வயது நிறைவு விழா வைத்திருந்தார்கள். அப்பா எப்போதும் முணுமுணுக்கும் 1970-களின் திரைப்பாடல் ஒன்றைத் தன் குரலில் பதிவு செய்து விழாவில் ஒலிக்கவிட வேண்டும் என்பது இவர் ஆசை. நேரில் பாடினால் அழுதுவிடுவேன், அதனால்தான் பதிவு என்றார்.

நான் ஒலிநூல்களுக்கும் உள்ளூர் விளம்பரங்களுக்கும் குரல் பதிவு செய்பவன், அதே குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருப்பவன். பிப்ரவரி கடைசி வாரத்தில் மடிக்கணினியோடு வந்தார். "தம்பி, இதுல எஃபெக்ட் ஏதாவது போட்டு நல்லாக்கிக் கொடு. பத்து நாளா உக்காந்து பாத்துட்டேன், எனக்கு வரல." கையில் 37 கோப்புகள், எல்லாமே அதே பாட்டு. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் மட்டும் வேண்டாம் என்றார்.

அவரிடம் இருந்த சாதனங்கள்: யுஎஸ்பியில் செருகும் கண்டென்சர் மைக் ஒன்று, அதோடு வந்த குட்டி மேசைத் தாங்கி, ப்ளூடூத் இயர்போன், இலவசப் பதிவு மென்பொருள், இணையத்தில் எடுத்த கரோக்கி ட்ராக். அறை பின்பக்கப் படுக்கையறை, பத்துக்குப் பதினோரு அடி. மொசைக் தரை, வெற்றுச் சுவர், ஒரு ஸ்டீல் பீரோ, மேசை. மூலையில், எதிரொலியை அடக்கச் சுவரில் ஒட்டலாம் என்று வைத்த முட்டை அட்டைகள் முப்பது, இன்னும் ஒட்டாமல் அடுக்கியபடி.

முதலில் கேட்டது

37 கோப்புகளில் ஆறைக் கேட்டேன். ஆறிலும் ஒரே குறைகள்.

குரல் தாளத்துக்குப் பின்னால் இழுபட்டது. எல்லா வரியும் ஒரே அளவில் தாமதம், அதுதான் விசித்திரம். தாளம் தெரியாதவர் சில இடத்தில் முந்துவார், சில இடத்தில் பிந்துவார். இவர் ஒழுங்காகப் பிந்தினார்.

குரல் ஏதோ காலி டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கீழே இறங்கும் ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கி மற்றதை மூழ்கடித்தது. சரணத்தில் உச்சிக்குப் போகும் இரண்டு இடத்திலும் ஒலி அளவு பதிவு தாங்கும் உச்ச எல்லையான பூஜ்யம் டெசிபலைத் தொட்டு உடைந்து கரகரத்தது. அதே இடத்தில் சுருதியும் கீழே நின்றது. வரி முடியும் நீண்ட எழுத்துகளிலும் சுருதி சரிந்தது.

இவற்றோடு ஒரு 'ங்ங்' என்ற ரீங்காரம். அது எங்கிருந்து வருகிறது என்பது அன்று எனக்குப் பிடிபடவில்லை.

காபி கொண்டுவந்த அவர் மனைவி (எனக்கு அண்ணி) போகிற போக்கில் சொன்னார்: "பாத்ரூம்ல பாடுறப்ப நல்லாத்தானே இருக்கு. இந்த மைக் முன்னாடி உக்காந்தா மட்டும் யாரோ மெரட்டி வெச்ச மாதிரி பாடுறார்." எல்லா வீட்டிலும் சொல்வதுதானே என்று நானும் சிரித்துவிட்டு விட்டேன். இந்த ஆய்வின் மையமே அந்த வாக்கியத்தில் இருந்தது. எனக்கு அது புரிய நான்கு வாரம் ஆனது.

முதல் வாரம்: தாளமும் அறையும்

தாமதத்தை முதலில் எடுத்தோம், ஏனென்றால் அதை அளந்துவிடலாம். மென்பொருளின் 'டிக் டிக்' தாளத்தை ப்ளூடூத் இயர்போனில் ஓடவிட்டு, இயர்போனை மைக் வாயில் ஒட்டிவைத்துப் பதிந்தோம். பதிவான 'டிக்' கிட்டத்தட்ட 200 மில்லிசெகண்ட் தள்ளி விழுந்தது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 84 அடி, அதாவது ஒரு அடிக்கு 714 மில்லிசெகண்ட். கால் பங்குக்கும் மேல் தாமதம். அவர் காதில் விழுந்த தாளத்துக்குச் சரியாகத்தான் பாடியிருக்கிறார், தாளம்தான் அவர் காதுக்குத் தாமதமாக வந்திருக்கிறது. கம்பி உள்ள பழைய இயர்போனைப் போட்டுப் பதிந்ததும் இழுப்பு போய்விட்டது. "பத்து நாளா நான்தான் தாளங்கெட்டவன்னு நெனச்சிட்டேன் தம்பி" என்றார்.

அறைக்கு வந்தால், முட்டை அட்டையை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த மெல்லிய அட்டை மேல்ஸ்தாயி ஒலியைச் சற்றே சிதறடிக்கும். ஆண் குரலின் கனம் இருக்கும் பகுதிக்கு அது இருப்பதே தெரியாது. கரப்பான்பூச்சிக்கு மட்டும் நல்ல வீடு. ஒலியை விழுங்கத் தடிமனும் எடையும் வேண்டும், அவை வீட்டிலேயே இருந்தன: இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, குளிர்காலக் கம்பளிகள், ஒரு ஜமுக்காளம்.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில் பலரும் தவறுவது போல அவரும் தவறினார். மைக்குக்குப் பின்னால் நிறுத்தினார். அவருடைய மைக் முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் கேட்கும் வகை. அதன் கண்ணுக்கு எதிரே இருப்பது பாடுபவரின் முகம், அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் சுவர். அந்தச் சுவரில் மோதித் திரும்பும் ஒலிதான் மைக்குக்குள் நேரே போகிறது. ஆகவே ஒரு மெத்தை அவர் முதுகுக்குப் பின்னால், இன்னொன்று பக்கவாட்டில். தரையில் ஜமுக்காளம். அறை நடுவில் கைதட்டினால் முன்பு 'ட்ர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஓடிய ஒலி, இப்போது ஒரு தட்டோடு நின்றது.

மேசைத் தாங்கியை எடுத்துவிட்டோம். மேசைமேல் மைக் இருந்தால் வாயிலிருந்து நேராக வரும் குரல் ஒன்று, மேசைப் பலகையில் பட்டுத் தாமதமாக வரும் குரல் ஒன்று என இரண்டு சேர்கின்றன. சுற்றி வரும் பாதை 34 சென்டிமீட்டர் கூடுதல் என்றால் தாமதம் ஒரு மில்லிசெகண்ட். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி அடிபட்டுப் போகும். காலி டப்பா ஒலிக்குப் பெரும் பங்கு இதுதான். அறுநூறு ரூபாய்க்கு ஒரு நின்ற தாங்கி வாங்கினார். அவரையும் எழுந்து நின்று பாடச் சொன்னேன்.

வீங்கிய ஸ்வரத்துக்குக் காரணம் அறையின் அகலம். பத்து அடி என்பது 3.05 மீட்டர். அந்த இடைவெளியில் ஒலி 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112-லும் தேங்கும். பாட்டு கீழே இறங்கும் இடம் ஏறத்தாழ அங்கேதான் விழுந்தது. அவர் உட்கார்ந்திருந்ததோ அகலத்தின் சரிபாதியில். 112 ஹெர்ட்ஸ் தேக்கம் அங்கே உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து கால் பங்கு தூரத்துக்கு, சுமார் இரண்டரை அடிக்கு, மைக்கை நகர்த்தியதும் வீக்கம் வடிந்தது. எந்தக் கருவியும் வாங்காமல் கிடைத்த மாற்றங்களில் எனக்கு இதுதான் பிடித்தது.

அந்த 'ங்ங்'? பீரோ. பாடும்போது நான் அறையைச் சுற்றி ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தேன். பீரோ கைப்பிடியை அழுத்திப் பிடித்ததும் ரீங்காரம் நின்றது. கைப்பிடி இடுக்கில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினோம்.

இரண்டாம் வாரம்: சுருதியை இறக்கியது

அறை சரியானதும் குரலின் சிரமம் இன்னும் துலக்கமாகக் கேட்டது. கரோக்கி ட்ராக்கின் ஆதார சுருதி இரண்டரைக் கட்டை. சரணத்தின் உச்சி மேல்ஸ்தாயி காந்தாரம். அந்த இடம் வரும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது, முகவாய் மேலே தூக்கியது, குரல் கத்தலானது. ஒலி உடைந்ததற்கும் சுருதி கீழே நின்றதற்கும் ஒரே வேர்.

தம்பூரா செயலியை ஓடவிட்டு அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டே வந்தோம். ஒரு கட்டையில் அதே காந்தாரத்தைச் சிரமமில்லாமல் தொட்டார். கீழ் ஸ்வரங்களும் காற்றாகிவிடாமல் நின்றன. இறக்க அவருக்கு மனம் வரவில்லை. "அண்ணே, அசல் பாடகர் சுருதி அவர் தொண்டைக்கு அமைஞ்சது. உங்க தொண்டை வேற." முகம் சுருங்கினாலும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் கரோக்கி ட்ராக்கையும் மென்பொருளில் அந்த ஒன்றரைக் கட்டை, அதாவது மூன்று ஸ்வரத்தானம், இறக்கியபோது தபலா மழையில் நனைந்தது போலத் தொய்ந்தது, வயலின்கள் மூக்கடைத்துப் பாடின. இரண்டு தானம் வரை சமாளிக்கலாம், மூன்று அந்த ட்ராக்குக்குத் தாங்கவில்லை. அதனால் கரோக்கியையே விட்டுவிட முடிவு செய்தோம். ஒன்பதாவது படிக்கும் மகள் கீபோர்டு வாசிப்பாள். நான்கைந்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), மெதுவான தாளம், அடியில் தம்பூரா. பள்ளித் தேர்வுக்கு நடுவில் இது வேண்டுமா என்று அண்ணி கேட்டார். அந்தப் பேச்சுவார்த்தையில் நான் கலந்துகொள்ளவில்லை.

தொண்டைப் பயிற்சி

ஆறு வாரத்தில் யாரும் பாடகராகிவிட முடியாது. இந்த ஒரு பாட்டைச் சிரமமில்லாமல் பாட என்ன வேண்டுமோ அது மட்டும் என்று வரையறுத்துக்கொண்டோம். தினமும் காலை இருபது நிமிடம்: வாயை மூடி ஹம்மிங், பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்துக் குமிழி விட்டபடி ஸ்வரம் ஏற்றி இறக்குவது, பிறகு ஒரு கட்டையில் சரளி வரிசை முதல் இரண்டு. ஸ்ட்ராவில் ஊதும்போது வாய்ப்பக்கம் கொஞ்சம் எதிரழுத்தம் உண்டாகிறது. குரல்நாண்கள் அதனால் மோதாமல் மெதுவாகச் சேர்கின்றன. கத்திப் பழகிய தொண்டைக்கு அது நல்ல மருந்து.

வரி முடிவில் சுருதி சரிந்ததற்குக் காரணம் காது இல்லை, மூச்சு. நினைத்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசி எழுத்துக்குக் காற்று இல்லாமல் போனது. பாட்டை ஒரு தாளில் எழுதி, மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் சிவப்பு மையால் குறித்தோம். பல்லவியில் நான்கு, ஒவ்வொரு சரணத்திலும் ஆறு. அந்தத் தாள் பீரோ கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு விழா வரை அங்கேயே இருந்தது.

நான்காம் வாரம்: காது

மார்ச் நடுவில் ஒரு சோதனைப் பதிவு. அறை சுத்தம், சுருதி வசதி, மூச்சு அளவு. ஆனாலும் பாட்டு உயிரில்லாமல் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்துச் சரிபார்த்து எடுத்துவைப்பது போலப் பாடினார், கணக்குப் பேரேடு மாதிரி. அண்ணி சொன்ன "மெரட்டி வெச்ச மாதிரி" அப்போதுதான் உறைத்தது.

குளியலறையில் அவர் குரல் ஓடுகளில் பட்டுத் திரும்பி அவரைத் தாங்குகிறது. மைக் முன்னால், நாங்களே மெத்தை வைத்து அந்தத் தாங்கலை எடுத்துவிட்டோம். போதாததற்கு இயர்போன் வழியாகத் தன் குரலை வறட்டுத்தனமாக, ஒவ்வொரு பிசிறோடும் கேட்கிறார். நம் குரலை நாம் வழக்கமாகக் காற்று வழியாகவும் மண்டையெலும்பு வழியாகவும் சேர்த்துத்தான் கேட்கிறோம். மைக்கில் எலும்பு வழி வரும் கனம் இருக்காது. பதிவில் தன் குரல் மெலிந்து அந்நியமாகத் தெரிவது அதனால்தான். அந்த அந்நியக் குரல் பாடிக்கொண்டிருக்கும்போதே காதில் விழுந்தால் யாருக்கும் கூச்சம் வரும்.

ஒரே மாலையில் பல்லவியை மூன்று விதமாகப் பதிந்தோம். முதலில் கீபோர்டைச் சத்தமாக வைத்து. குரலை உயர்த்திக் கத்த ஆரம்பித்தார், சுருதி மறுபடி தடுமாறியது. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911-இல் எழுதியது, எங்கள் பின்பக்க அறையிலும் நடந்தது. இரண்டாவது, அவர் குரலைச் சத்தமாக வைத்து. உடனே அடக்கி வாசித்தார், சொற்கள் வாய்க்குள்ளேயே நின்றன. மூன்றாவது: கீபோர்டு மெதுவாக, அவர் குரலில் நிறைய ரிவர்ப் (செயற்கை எதிரொலி) சேர்த்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து பாதி விலக்கி.

மூன்றாவதில் தோள் இறங்கியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பல்லவி முடிந்ததும் நிறுத்தாமல் சரணத்துக்குப் போய்விட்டார், பதியச் சொல்லாமலே.

ரிவர்ப் அவர் காதுக்கு மட்டும், பதிவாவது வறண்ட குரல்தான். இதற்குக் குரல் கணினிக்குள் போய்த் திரும்ப வேண்டும், அந்தச் சுற்றில் தாமதம் வரும். மென்பொருளில் இடையகத்தை, அதாவது ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் இடத்தை, 128 மாதிரிகளுக்குக் குறைத்தோம். நொடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் அது ஒரு திசைக்கு 2.7 மில்லிசெகண்ட். மொத்தத் தாமதம் அவருக்குத் தெரியாத அளவில் நின்றது. ஒரு காது விலக்கியதால் ஹெட்போன் சத்தம் மைக்கில் கசியாமலிருக்க, காதை முழுதாக மூடும் கம்பி ஹெட்போன் ஒன்று வாங்கி, விலகிய பக்கத்தின் ஒலியை அணைத்தோம். விலை சுமார் ஆயிரத்து ஐந்நூறு. தாங்கியும் இதுவும்தான் மொத்தச் செலவு.

பதிவு நாள்

நேரம் குறிப்பதுதான் பெரும்பாடு. அதிகாலை அமைதி என்று நினைத்தால் ஏப்ரலில் குயில். அதன் கூவல் பாடும் குரலின் நடுப்பகுதியிலேயே விழுகிறது, பிரித்தெடுக்க வழியில்லை. இரவில் நாய்கள். கடைசியில் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, குடியிருப்பே தூங்கும் நேரம். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். பத்து நிமிடம் பாடுவது, வெளியே வந்து விசிறிக்கடியில் நிற்பது, மறுபடி உள்ளே. காபி குடித்தால் தொண்டையில் ஏதோ படிவது போல இருக்கிறது என்று அன்று வெந்நீர் மட்டும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம். மைக் மூக்கு உயரத்தில் சற்றே பக்கவாட்டில், 'ப' சொல்லும்போது வரும் காற்று நேராக மோதாதபடி. உச்சி இடங்களில் முகத்தை நான்கு விரல் பின்னுக்கு எடுக்கப் பழகியிருந்தார். பதிவு 24 பிட் நுணுக்கத்தில், சத்தமான இடமே பூஜ்யத்துக்குப் பத்து டெசிபல் கீழே. முன்பு போல ஒலி அளவைக் காட்டும் பச்சைக்கோடு நிறைய வேண்டும் என்று அவர் கேட்டார். 24 பிட்டில் அந்த அவசியம் இல்லை, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

முழுப்பாட்டாக ஐந்து டேக். மூன்றாவதுதான் சிறந்தது. நான்காவதில் ஆவல் கூடி வேகமெடுத்தார், ஐந்தாவதில் களைப்பு. மூன்றாவதை அடித்தளமாக வைத்து, இரண்டாவதிலிருந்து மூன்று வரிகள் மட்டும் மாற்றினோம். எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டும் வேலைக்கு நான் போகவில்லை. மூச்சு அறுந்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

கலவை, அதில் என் தவறுகள்

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 300 அருகில் மூன்று டெசிபல் குறைப்பு, சத்தமான இடங்களை அடக்கிச் சமப்படுத்த மூன்றுக்கு ஒன்று என மெதுவான கம்ப்ரஸர், 'ச' 'ஸ' சீறும் 6,000–7,000 பகுதியில் லேசான அடக்கம், கொஞ்சம் ரிவர்ப். ஒரு மணி நேர வேலை. முதல் நாள் கோப்புகளில் இதையே ஒரு வாரம் செய்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

தவறு ஒன்று: அடியில் இருந்த மெல்லிய இரைச்சலை நீக்க, இரைச்சல் நீக்கியை அதிகமாக வைத்தேன். வரி முடிவுகள் தண்ணீருக்கடியில் கேட்பது போல ஆயின. எடுத்துவிட்டேன், இரைச்சல் கீபோர்டில் மறைந்துவிட்டது.

தவறு இரண்டு: சுருதி திருத்தியைப் பாட்டு முழுக்க ஓட்டினேன். ஒவ்வொரு ஸ்வரமும் கோடு போட்டது போல நேராக நின்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்கிப் போகும் இடங்கள், அப்பாவிடமிருந்து காதுவழி வந்த வளைவுகள், எல்லாம் படிக்கட்டாகிவிட்டன. மகள் கேட்டுவிட்டு, "அங்கிள், இது அப்பா மாதிரியே இல்ல" என்றாள். உச்சியில் உண்மையிலேயே கீழே நின்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் கையால் திருத்திவிட்டு மற்றதை அவர் பாடியபடியே விட்டேன்.

விழாவில்

மண்டபத்தில் ஒலித்தபோது சொற்கள் பாதி புரியவில்லை. நான் சேர்த்த ரிவர்ப்போடு மண்டபத்தின் எதிரொலியும் கூடிக் குழம்பியது. அறைக்குள் ஹெட்போனில் கேட்டு அழகு பார்த்ததை உயரமான கூரைக்குக் கீழே ஒலிக்கவிட்டேன், முன்யோசனை இல்லாமல். ஒலிபெருக்கிக்காரர் உயர் அலைகளை ஏற்றிச் சமாளிக்கப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது. அது பாசத்துக்கான கைதட்டல் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் ரிவர்ப் இல்லாத ஒரு பிரதி செய்து கொடுத்தேன். வீட்டுக் கூடத்தில் சின்ன ஒலிபெருக்கியில் அப்பா அதைத்தான் கேட்டார்.

மறுமுறை என்றால்

காதிலிருந்து தொடங்குவேன். அறையும் சுருதியும் தேவையானவைதான், ஆனால் பாடுபவர் காதில் என்ன விழுகிறது என்பதை முதல் வாரமே சரிசெய்திருந்தால் மூன்று வாரம் அவர் பயந்து பாடிப் பழகியிருக்க மாட்டார். அந்தப் பழக்கத்தைக் கலைக்கவே தனியாகச் சில நாள் போனது. எங்கே ஒலிக்கப்போகிறது என்று முன்பே கேட்டு, மண்டபத்துக்கு வறண்ட பிரதி, வீட்டுக்கு வேறு பிரதி என்று இரண்டு எடுப்பேன். மூச்சுக் குறிகளை இட, பாடிப் பார்த்த பிறகு இன்னொரு முறை உட்காருவேன். இரண்டாம் சரணத்தில் ஒரு குறி தவறான இடத்தில் இருந்தது, எங்கள் இருவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் அப்பா. பாட்டு முடிந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கிட்டான். அங்க வாங்கக்கூடாது" என்று சொல்லி, அந்த வரியை ஒரே மூச்சில் தானே பாடிக் காட்டினாராம். சிவப்புக் குறி போட்ட தாள் இன்னும் பீரோ கதவில் இருக்கிறது. அந்த ஒரு குறி மட்டும் இப்போது அடிக்கப்பட்டிருக்கிறது.